பூவனிடம் சொன்னால் போதும்

குன்னத்துகாலில் சுந்தரதாஸின் வீட்டில் ஒரு பேச்சு அடுக்களையிலிருந்து முன்னறைக்குப் போக வேண்டுமானால், அது முதலில் முற்றத்துக்குப் போய் சேவலைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

அது எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால்தான் விளங்கும். காலையில் கஞ்சி வெந்ததும் ஆனந்தபாய் அடுக்களை வாசலில் வந்து நின்று, தென்னை மூட்டில் கிளறிக்கொண்டிருக்கும் சேவலைப் பார்த்துச் சொல்வார்: "எலே பூவா, கஞ்சி ஆச்சு. வேணும்ணா வந்து குடிக்கச் சொல்லு." அந்த ஊரில் சேவலுக்குப் பூவன் என்றுதான் பேச்சு. இந்தச் சேவலுக்கு அதுவே பேராகவும் ஆகியிருந்தது. பூவன் தலையை ஒருபக்கம் சாய்க்கும். முன்னறையில் பத்திரிகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் சுந்தரதாஸ், அது தலை சாய்த்த பிறகுதான் எழுந்திருப்பார். அதற்கு முன்னே எழுந்தால் மனைவி சொன்னதை நேராகக் கேட்டுவிட்டதாக ஆகிவிடும் அல்லவா? கஞ்சியில் உப்பு போதாவிட்டால் வாசல்வரை நடந்து, "பூவா, உப்பு குறைவாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்காருவார். கொஞ்ச நேரத்தில் உப்பு ஜாடி மேசையில் இருக்கும்.

மழைக்காலத்தில்தான் கஷ்டம். பூவன் விறகுப்புரைக்குள் ஒதுங்கிவிடும். பிறகு குடையும் பிடித்துக்கொண்டு போய்ச் சொல்ல வேண்டும்.

சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்ததிலிருந்து இப்படித்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஜினுவுக்கு இது தெரியாது. கோட்டுகாலில் கட்டிக்கொடுத்த மகள் ஜீனாவுக்குத் தெரியும். அம்மா ஒருநாள் அவளைப் போனில் அழைத்து, "திங்கக்கிழமை பெட்டியோட அங்க வாறேன், இனி அங்கதான்" என்று சொன்னபோது, ஜீனா ஒரு நிபந்தனை போட்டாள். அதற்கு முன்பு இருவரும் பாறசாலையில் குடும்ப ஆலோசனை மையத்துக்குப் போக வேண்டும். போகாமல் வந்தால் கதவைத் திறக்க மாட்டாள்.

ஆனந்தபாய் பெட்டியைக் கட்டி முன்னறையில் வைத்தார். மூலை தேயாத, கனத்த பிளாஸ்டிக் பெட்டி. சுந்தரதாஸ் அதைச் சுற்றி நடந்தார்.

அவர் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலை பார்த்து ஓய்ந்தவர். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அதில் என்ன செல்லும், எது செல்லாது என்றுதான் யோசிப்பார். பூவன் வழியாக எதையெல்லாம் அனுப்பலாம் என்றும் யோசித்துப் பார்த்தார். உப்பு அனுப்பலாம். கரண்டு பில் அனுப்பலாம். மீன்காரன் வந்திருப்பதை அனுப்பலாம். ஆனால் அவர் அனுப்ப விரும்பிய ஒரே வாக்கு அந்த வழியில் செல்லவில்லை. "போகண்டாம்" என்று பூவனிடம் சொன்னால் என்ன அர்த்தம்? பூவன் எங்கேயும் போகவில்லையே.

ஆலோசகர் பிரசீதா நெய்யாற்றின்கரையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் இளம்பெண். இருவரும் வந்து உட்கார்ந்ததும் சிரித்தாள். பிறகு இருவருக்கும் நடுவே நாற்காலியில் இருந்த கட்டைப்பையைப் பார்த்தாள். பையிலிருந்து சிவந்த கொண்டையோடு ஒரு தலை அவளைப் பார்த்தது.

"இது...?"

"பூவனில்லாம எப்பிடி மேடம் பேசுறது?" என்றார் சுந்தரதாஸ்.

பிரசீதா அசரவில்லை. அவள் தொழிலில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. இரண்டு பேருக்கு நடுவே கனம் கூடிவிட்டால், தாங்க முடியாமல் மூன்றாவது ஒருவரை இழுத்து நடுவில் நிறுத்திவிடுவார்கள். சில வீடுகளில் அது பிள்ளை, சில வீடுகளில் மாமியார். இந்த வீட்டில் கோழி.

அவள் முதலில் எளிய பயிற்சி ஒன்றைக் கொடுத்தாள். ஒருவர் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மற்றவர் பதில் சொல்லக் கூடாது. கேட்டதைத் திருப்பிச் சொல்லி, "சரியாகக் கேட்டேனா?" என்று மட்டும் கேட்க வேண்டும். சண்டையில் இருக்கிறவர்கள் எதிராளி பேசும்போது காதைத் திறந்து வைப்பதில்லை, அடுத்த பதிலைத்தான் தீட்டிக்கொண்டிருப்பார்கள். திருப்பிச் சொல்லியாக வேண்டுமென்றால் வேறு வழியில்லை, கேட்டே ஆக வேண்டும். அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

ஆனந்தபாய் தொண்டையைச் செருமினார். "பூவா, அவரு குளிச்சிட்டு ஈரத் தோர்த்தக் கட்டிலில போடுவாரு."

சுந்தரதாஸ் பையைப் பார்த்துக் குனிந்தார். "பூவா, நான் ஈரத் தோர்த்தக் கட்டிலில போடுவேன்ணு அவ சொல்லுதா. சரியாக் கேட்டனாண்ணு கேளு."

பூவன் கொக்கரித்தது.

"ஆமாண்ணு சொல்லுது" என்றார் சுந்தரதாஸ்.

"நான் ஒண்ணும் ஆமாண்ணு சொல்லல்லியே பூவா, அதுக்குள்ள நீ என்னத்துக்குச் சொன்ன?" என்று ஆனந்தபாய் சேவலிடம் கோபித்தார்.

பிரசீதா அடுத்த முறைக்குப் போனாள். சுற்றுக் கேள்வி என்று அதற்குப் பேர். "உனக்கு ஏன் கோபம்?" என்று ஒருவரைக் கேட்டால் அவர் உடனே தன் வழக்கை வாதாட ஆரம்பிப்பார். அதற்குப் பதில் வீட்டிலுள்ள மூன்றாவது ஆளைக் கேட்பார்கள்: இவர் முகத்தைத் திருப்பினால் அவர் என்ன செய்கிறார், அதைப் பார்த்து இவர் என்ன செய்கிறார் என்று. அப்போது குற்றவாளி யார் என்கிற பேச்சு போய், கோபம் எந்த வழியாகச் சுற்றி வருகிறது என்பது தெரியவரும். ஆனால் இங்கே மூன்றாவது ஆள் பைக்குள் இருந்தது. பிரசீதா மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள்: "ரெண்டுபேரும் மிண்டாம, பேசாம இருக்கிறதப் பாத்து பூவன் என்ன நினைக்கும் அங்கிள்?"

சுந்தரதாஸ் நன்றாக யோசித்தார். "'எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு'ண்ணு நினைக்கும்."

இதற்கு ஆனந்தபாயின் உதட்டோரம் ஒரு துடிப்பு வந்ததைப் பிரசீதா பார்த்தாள், சுந்தரதாஸ் பார்க்கவில்லை. அவர் பூவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறைகள் இங்கே செல்லாது என்று கடைசியில் அவள் ஒப்புக்கொண்டாள். "இதுக்கு இன்னொரு முறை உண்டு. ஒரு குழு மறைஞ்சிருந்து நீங்க பேசுறதக் கேக்கும். அப்புறம் நீங்க மறைஞ்சிருந்து, அவங்க உங்களப் பத்திப் பேசுறதக் கேப்பீங்க. அவங்க உங்களப் பாத்துப் பேசக் கூடாது, தங்களுக்குள்ளதான் பேசணும். குத்தம் சொல்லக் கூடாது. எதச் சொன்னாலும் 'ஒருவேளை', 'எனக்குத் தோணுது' அப்படீண்ணுதான் தொடங்கணும். முகத்துக்கு நேரே ஒருத்தர் சொன்னா பதில் சொல்லத் தோணும். பதில் சொல்ல வேண்டாம்ணு ஆயிட்டா காது தானே திறக்கும்." பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "ஆனா எங்கிட்ட குழு எங்க இருக்கு? நானும் இந்த ஃபேனும்தான்."

சனிக்கிழமை வீட்டுக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

அவள் வந்தபோது முற்றத்தில் நாற்காலி போட்டிருந்தது. மதிலுக்கு அப்பால் கிருஷ்ணன்குட்டியின் வீடு, கண் கூசுகிற நீலத்தில் நின்றது. அந்த நீலத்தைப் பார்த்தபிறகு வேறெதையும் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

"பிரச்சினை எங்க தொடங்கிச்சு?" என்றாள் பிரசீதா.

"பூவா, ஏலத்துல" என்றார் சுந்தரதாஸ்.

அது நடந்த கதை இது. அறுப்பின் பண்டிகையில் ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் விளைந்ததைச் சபைக்குக் காணிக்கை வைப்பார்கள். வாழைக்குலை, பலாச்சக்கை, சேனை, கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். ஏலத்துக்கு எல்லா வீட்டாரும் வருவார்கள், கோவிலுக்குப் போகிறவர்களும்தான். காணிக்கை வைத்த வீட்டாரே அதைத் திருப்பி ஏலம் கேட்பது மட்டும் மரியாதை இல்லை. அன்று காலையில் ஆனந்தபாய் கணவரிடம் சொல்லாமல் பூவனைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஏலத்தில் அதற்கு இரண்டே பேர்தான் போட்டி. ஒரு பக்கம் கிருஷ்ணன்குட்டி, சுந்தரதாஸுக்காக. மறுபக்கம் கிருஷ்ணன்குட்டியின் மனைவி விஜயம்மா, ஆனந்தபாய்க்காக. யாருக்காகக் கேட்கிறோம் என்று வெளியே சொல்ல மாட்டோம் என இருவரும் சத்தியம் செய்திருந்தார்கள். ஆனால் இந்தச் சத்தியத்துக்கு என்ன பயன்? விஜயம்மா வாயைத் திறந்ததுமே அது ஆனந்தபாயின் வேலை என்று சுந்தரதாஸுக்குத் தெரிந்துவிட்டது. கிருஷ்ணன்குட்டி கையைத் தூக்கியதுமே ஆனந்தபாய்க்கும் தெரிந்துவிட்டது. விலை ஏறிக்கொண்டே போய், ஒரு கன்றுக்குட்டி வாங்கக்கூடிய இடத்தில் நின்றது. சபையார் கைதட்டினார்கள். பூவன் சுந்தரதாஸுக்கு வந்தது. தன்னைக் கெடுக்கவே அவள் விலையைக் கூட்டினாள் என்று அவர் நினைத்தார். தன்னை ஊருக்கு முன்னால் தோற்கடிக்கவே அவர் கேட்டார் என்று ஆனந்தபாய் நினைத்தார். இருவரும் பையோடு வீட்டுக்கு நடந்தபோது நடுவில் பூவன் மட்டும்தான் சத்தம் போட்டது.

"பூவா, அதுக்கு முன்னே ஒரு பிரச்சினையும் இல்லண்ணு மேடத்துகிட்ட சொல்லு" என்று ஆனந்தபாய் முடித்தார்.

"அதுக்குப் பிறகு உள்ளதும் நிறைய உண்டு மேடம்!" என்றது மதில்.

பிரசீதா திரும்பினாள். மதிலுக்கு மேலே மூன்று தலைகள். கிருஷ்ணன்குட்டி, விஜயம்மா, ஓய்வுபெற்ற அங்கன்வாடி டீச்சர் விமலகுமாரி. மூவரும் கவிழ்த்துப்போட்ட பெயின்ட் வாளிகளில் ஏறி நின்றிருந்தார்கள். வாளியெல்லாம் நீலம்.

"நீங்க எப்ப முதல் கேக்கிறீங்க?"

"ஏலம் முடிஞ்ச அண்ணு முதல்" என்றார் விஜயம்மா பெருமையாக. "ஒரு வாக்கு விடல்ல. டீச்சர் கேக்கல்லண்ணா நாங்க சொல்லிக்குடுப்போம்."

பிரசீதாவின் முகம் விளக்கு ஏற்றியதுபோல் ஆனது. மறைந்திருந்து கேட்கும் குழு! சம்பளம் இல்லாமல், விடுப்பு எடுக்காமல், மழையிலும் நின்று கேட்டிருக்கிறது. முறைப்படி அவள் வீட்டார் இருவரிடமும் சம்மதம் கேட்டாள்.

"பூவா, எப்பிடியும் கேக்கத்தான் போறாங்க" என்றார் ஆனந்தபாய். "உள்ள வந்து இருந்து கேக்கச் சொல்லு. மதிலாவது இடியாம இருக்கட்டும்."

குழு முன்னறையில் வந்து உட்கார்ந்தது. பிரசீதா விதிகளைச் சொல்லிக்கொடுத்தாள். விமலகுமாரி இருமுறை திருப்பிச் சொல்லிப் பழகினார். பூவனும் நடந்ததையெல்லாம் பார்த்த சாட்சி என்பதால், அதையும் குழுவோடு நாற்காலிக் காலில் கட்டி வைத்தாள். வீட்டார் இருவரும் அடுக்களைக்குப் போய்த் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார்கள்.

அங்கே போய் நின்ற பிறகுதான் சுந்தரதாஸுக்கு உறைத்தது. அடுக்களையில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். பூவன் இல்லை. அவர் அம்மியைப் பார்த்தார், காஸ் சிலிண்டரைப் பார்த்தார். எதுவும் தலை சாய்க்கிற ஜாதியில்லை.

முன்னறையில் விமலகுமாரி தொடங்கினார். "எனக்குத் தோணுது, ஒருவேளை ரெண்டுபேருக்கும் பூவன் மேல ரொம்ப பாசம் இருக்கலாம்."

"ரொம்ப நல்லா சொன்னீங்க டீச்சர்" என்றாள் பிரசீதா. "வேற யாராவது?"

"எனக்குத் தோணுது," என்றார் விஜயம்மா, "ஒருவேளை சில வீட்டுல ஆம்பிளைங்க பெண்டாட்டிகிட்ட ஒரு வாக்கு கேக்காமலே எல்லாம் முடிவு செய்யலாம்."

"இந்த வீட்டப் பத்தித்தானே?" என்றாள் பிரசீதா.

"ஒருவேளை" என்றார் விஜயம்மா.

கிருஷ்ணன்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்குத் தோணுது, ஒருவேளை சிலருக்கு மஞ்சளைத் தவிர வேற நிறமே கண்ணில படாம இருக்கலாம்."

"ஒருவேளை மஞ்சள் அடிக்கச் சொல்லிட்டு ஒரு பொம்பள அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரும்போ, வீடு நீலமா நிக்கலாம்!"

"நீலம் குளிர்ச்சியாக்கும்!"

"ஒருவேளைண்ணு சொல்லணும்" என்று விமலகுமாரி ஞாபகப்படுத்தினார்.

"ஒருவேளை நீலம் குளிர்ச்சியாக்கும்!"

பிரசீதா கையைத் தூக்கினாள். "நாம ஏலத்துக்கு வருவோம். பிளீஸ்."

"ஏலத்துக்குத்தான் வாறேன் மேடம்" என்றார் கிருஷ்ணன்குட்டி. "எடீ, நீ அண்ணைக்கு எதுக்கு விட்டுக்குடுக்காம நிண்ண?"

"ஒருவேளை" என்றார் விமலகுமாரி.

"ஒருவேளை நீ எதுக்கு விட்டுக்குடுக்காம நிண்ண? நான் கொஞ்சம் கூட்டினா நீ அதுக்கு மேல கூட்டுற. நாட்டுக்கோழி விலைக்கு மேல போனா விட்டுருண்ணுதான் தாஸ் எங்கிட்ட சொன்னது. நான் விடப்போனேன். அப்ப நீ என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்ச. அதுக்குப் பிறகு எப்பிடி விட முடியும்?"

"ஆனந்தபாய் எங்கிட்டயும் அப்பிடித்தான் சொன்னா. நானும் விடப்போனேன்" என்றார் விஜயம்மா. அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. "ஆனா நிங்க கையைத் தூக்கும்போ நிங்களுக்க பின்னால எனக்கு நம்ம வீடு தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவையும் அந்த நீலம் தெரிஞ்சுது. எனக்குக் கோழி ஒண்ணும் வேண்டாம். கோழியா பெரிசு? அந்த நீலத்துக்கு ஒரு பதில் வேணும்!"

பூவன் நாற்காலிக் காலைக் கொத்தியது.

திரைச்சீலைக்குப் பின்னால் சுந்தரதாஸ் அப்படியே நின்றார். மோட்டாரில் இப்படி ஒன்று நடப்பதுண்டு. ஆள் வந்து, மோட்டார் கெட்டுப்போச்சு, தண்ணீர் ஏறவில்லை என்பான். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோளாறும் இருக்காது. வெளியே வருகிற மூன்று வயரில் இரண்டை மாற்றிக் கொடுத்திருப்பார்கள், அதனால் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கும். இத்தனை நாளும் அவர் தன் வீட்டு மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். வயர் பக்கத்து வீட்டிலிருந்து வந்திருக்கிறது.

"நிங்க விட்டுருண்ணா சொன்னிய?"

யாரோ மெதுவாகப் பேசினார்கள். சுந்தரதாஸ் பூவனைத் தேடினார். பூவன் முன்னறையில் இருந்தது. அப்படியானால் இந்தக் கேள்வி நேராக அவரிடமே வந்திருக்கிறது. அது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"ஆமா" என்றார். குரல் பழக்கம் விட்டுப்போன குழாய்போல் முதலில் காற்றோடு வந்தது. "நீயும் விட்டுருண்ணா சொன்ன?"

"ஆமா."

"பின்ன என்னத்துக்கு அதக் கொண்டு வச்ச?"

"காணிக்கைண்ணா உள்ளதில நல்லத வைக்கண்டாமா? நொண்டிக்கோழியவா தூக்கிட்டுப் போவேன்?" அவர் திரைச்சீலையின் ஓரத்தை விரலில் சுற்றினார். "வச்சிட்டு வந்து பாத்தா, நிங்க கையில அரிசிய வச்சிட்டு தென்னை மூடு முழுக்க 'பா, பா'ண்ணு விளிச்சிட்டு நடக்குதிய. விறகுப்புரைக்குள்ள தலைய விட்டுத் தேடுதிய. ஜன்னல் வழியா பாத்தேன். அப்பளே விஜயம்மைகிட்ட ஓடினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நிங்க எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

வெளியே கிருஷ்ணன்குட்டியும் விஜயம்மாவும் ஒருவேளை, ஒருவேளை என்று ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தின் மறைவில், எந்தக் கோழி வழியாகவும் செல்லாத அந்த வாக்கைச் சுந்தரதாஸ் வெளியே எடுத்தார்.

"திங்கக்கிழமை போகண்டாம்."

ஆனந்தபாய் அவரைப் பார்த்தார். பிறகு, பாறசாலையில் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னார்: "நான் திங்கக்கிழமை போகண்டாம்ணு சொல்லுதிய. சரியாக் கேட்டனா?"

"சரியாக் கேட்ட."

ஆனந்தபாய் அடுப்பைப் பற்றவைத்தார். "வந்தவங்களுக்குச் சாயா குடுக்கண்டாமா? சாயா வடிக்கிற அரிப்பு பெட்டியில போச்சு. போய் எடுத்திட்டு வாங்க."

சுந்தரதாஸ் முன்னறைக்கு வந்தார். பெட்டியைப் படுக்கவைத்துத் திறந்தார். சாயா அரிப்பு சேலைகளுக்கும் சட்டைகளுக்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமானால் மற்றதையெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும். எடுத்து வைத்தார். நாற்காலியில், மேசையில், விமலகுமாரியின் மடியில். யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் அரிப்போடு அடுக்களைக்குத் திரும்பினார். சேலைகளை உள்ளே வைக்கவும் இல்லை, பெட்டியை மூடவும் இல்லை.

சாயா வந்தபோது கிருஷ்ணன்குட்டி கிழக்கே பார்த்திருந்தார், விஜயம்மா மேற்கே. பிரசீதா தலையைப் பிடித்திருந்தாள்.

"உங்க ரெண்டுபேருக்கும் அடுத்த வாரம் ஒரு நேரம் போடட்டா?" என்றாள்.

கிருஷ்ணன்குட்டி நாற்காலிக் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தாஸே, உனக்கு இப்ப இதுக்கு ஆவசியம் ஒண்ணும் இல்லியே?"

"எதுக்கு?"

"பூவனுக்கு."

"அங்கிள், அது அப்படிச் செய்யக் கூடாது..." என்று பிரசீதா எழுந்தாள். அதற்குள் விஜயம்மா கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தார். பூவனைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று அதன் காதருகே சொன்னார்: "பூவா, வீட்டுக்கு வாறதுண்டா இல்லியாண்ணு கேளு."

"வாறேன்ணு சொல்லு" என்றார் கிருஷ்ணன்குட்டி பூவனிடம்.

திங்கட்கிழமை காலையில் ஜீனா அழைத்தாள். எத்தனை மணி பஸ் என்று கேட்டாள்.

"வரல்ல மக்கா" என்றார் ஆனந்தபாய் தணிந்த குரலில். "இங்க எங்களுக்கு வேலை உண்டு. அப்பாவும் நானும் குழுவில சேந்திருக்கோம்."

"என்ன குழு? ஏம்மா இப்படிக் குசுகுசுன்னு பேசுறீங்க?"

ஆனந்தபாய் போனை வைத்துவிட்டார். மதிலோரத்தில் அந்தக் கனத்த பிளாஸ்டிக் பெட்டி காலியாகக் கிடத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சுந்தரதாஸ் ஏற்கனவே ஏறி நின்று, மதில் விளிம்பைப் பிடித்திருந்தார். கையை நீட்டி மனைவியையும் மேலே தூக்கினார். பெட்டி கொஞ்சம் முனகியது, ஆனால் தாங்கியது.

மதிலுக்கு அப்பால், நீலச் சுவருக்கு முன்னால், விஜயம்மா இடுப்பில் கைவைத்து நின்றார். "பூவா, புட்டு ஆச்சு. நீலக் கண்ணுக்குப் புட்டு வெள்ளையாத் தெரியுமாண்ணு கேளு."

பூவன் தலையை ஒருபக்கம் சாய்த்தது. உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எனக்குத் தோணுது," என்றார் சுந்தரதாஸ் மனைவியின் காதில், "ஒருவேளை அவருக்குப் பசிக்குது."

"ஒருவேளை" என்றார் ஆனந்தபாய். "மிண்டாம இருங்க, கேக்கட்டும்."